உலகம்மாளின் உறக்கம் போன வீடுகள்

உலகம்மாளின் உறக்கம் அவளை விட்டுப் போனது ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில். வடித்த கஞ்சி ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருக்க, அலசிப் போட்ட துணி ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்க, காலனி முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயர்ந்திருந்த நேரம். அது எழுந்து போனதை அவள் கண்ணால் பார்த்தாள். கூப்பிட்டு நிறுத்தத்தான் நேரமில்லை, ஏனென்றால் கட்டிலில் கிடந்த புருஷனின் தொண்டையில் சளி கட்டிக் கரகரவென்று இழுத்தது. உறக்கம் எங்கே போய்விடப் போகிறது, நாளைக்கு வரும் என்று நினைத்தபடி விரலில் துணியைச் சுற்றி அவர் வாய்க்குள் விட்டுத் துடைத்தாள்.

அந்தக் காலனி, கடல் வந்து வீடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு சர்க்கார் கட்டிக் கொடுத்தது. எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே நீலக் கதவு, ஒரே சன்னல். குடித்துவிட்டு வருகிற ஆம்பளைகள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து சோறு கேட்பதும், அந்த வீட்டுக்காரிகளும் போனால் போகிறதென்று ஒரு வாய் போட்டு அனுப்புவதும் அங்கே சகஜம். எல்லாருக்கும் உப்பளத்து வேலை. விடியுமுன்னே போய் வெயில் கொளுத்துமுன்னே திரும்பி, தின்றதும் படுத்துவிடுவார்கள். "இந்த ஊரு சனம் ஒரு நாளைக்கு ரெண்டு ராத்திரி ஒறங்குது" என்று டீக்கடை அய்யாத்துரை கேலி பேசுவார். அவருக்கோ ஒரு ராத்திரி உறக்கமே கிடையாது, மூச்சிரைப்புக்காரர்.

உலகம்மாளின் புருஷன் சிவனணைஞ்சான் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். ரெண்டு ஆள் தூக்குகிற மூட்டையை ஒத்தை ஆளாய்த் தூக்கி லாரிக்குள் எறிகிறவர், அந்த உடம்பு ஒரு நாள் உப்பு அம்பாரத்தின் மேலிருந்தே சரிந்து ஒரு பக்கமாய் விழுந்துவிட்டது. வலது கையும் வலது காலும் அதன் பிறகு அவருடையதாக இல்லை. மூக்கில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், "வா." தண்ணிக்கும் வா, வலிக்கும் வா, முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டவும் வா. பிள்ளை குட்டி கிடையாது. அவ்வளவு பெரிய உடம்பை இவள் ஒருத்திதான் புரட்ட வேண்டும், புண் வராமல் இடமும் வலமும் மாற்றிப் போட வேண்டும், வந்த புண்ணைக் கழுவ வேண்டும், பவுடர் போட வேண்டும், மூத்திரப் பையை அவிழ்த்து ஊற்ற வேண்டும், விரிப்பை உருவி டெட்டால் தண்ணியில் அலசிக் காயப்போட வேண்டும், குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும், அது இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், நின்றுகொண்டிருக்கும்போதே அவர் வா என்பார், மறுபடி முதலிலிருந்து.

பார்க்க வந்தவர்கள் வராமல் இல்லை. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்தார்கள், வாசனை தாங்காமல் வாசல் பக்கமாய் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள், "நீ ஒன் ஒடம்பையும் பாத்துக்க உலகு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாத்துக்க, பாத்துக்க என்று சொன்ன வாய் எத்தனையோ. நான் செத்த நேரம் உக்காருதேன், நீ போய்ப் படு என்று சொன்ன வாய் ஒன்றுகூட இல்லை.

அதனால் உறக்கம் என்ன செய்யும் பாவம். தினமும் அந்த மத்தியான நேரத்துக்கு வந்து, அவள் கட்டிலுக்குக் கீழே விரித்து வைத்திருக்கும் கோரைப்பாயின் நுனியில் உட்கார்ந்துகொள்ளும். அவள் தலையைச் சாய்ப்பாள், கண் செருகும், மேலேயிருந்து "வா" என்று சத்தம் வரும். அவள் எழுந்துகொண்டே உறக்கத்தைப் பார்த்து, கீரைக்காரியிடம் சொல்வது போல, "இப்ப வேண்டாம், போயிட்டுப் பொறவு வா" என்பாள். ஒரு வருஷமாக அதுவும் போயிட்டுப் பொறவு வந்துகொண்டுதான் இருந்தது. உறக்கத்துக்கும் ரோஷம் உண்டல்லவா. அன்றைக்கு அது திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டி, வெயிலில் இறங்கி, பக்கத்து வீட்டு நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி வெறும் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தாள். கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி உறங்கிப்போனாள். உறக்கத்தில் உலகம்மாளின் வீட்டு வாசலில் தெற்குப் பார்த்துப் பந்தல் போட்டிருந்தது, நீல நாற்காலிகள் கிடந்தன, பெஞ்சில் சிவனணைஞ்சானைக் கிடத்தி நெற்றியில் காசு ஒட்டிக் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், சங்கு ஊதியது. உள்ளே எட்டிப் பார்த்தால் அடுப்படியில் ஃபேன் சுற்ற, உலகம்மா காலை நீட்டி, வாயைத் திறந்து, குழந்தைப் பிள்ளையாட்டம் உறங்கிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஜெயக்கொடியின் நெஞ்சில் துக்கம் வரவில்லை. அப்பாடா என்று ஒன்று வந்தது, அத்தனை சுகமாய் வந்தது. விழித்தபோது அவள் கையில் டெட்டால் வாசனை அடித்தது. பாயே விரிக்காத அவள் கன்னத்தில் கோரைப்பாயின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது.

அவள் எழுந்து ஓடினாள். அங்கே சிவனணைஞ்சான் உயிரோடு கிடந்தார், அவளைப் பார்த்து "வா" என்றார். உலகம்மா மூத்திரப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி இப்பிடி ஓடி வார?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

மறுநாள் அந்த உறக்கம் வேறு வீட்டுக்குப் போனது, அதற்கடுத்த நாள் வேறு வீடு. வீடெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அதுதான் என்ன செய்யும், தன் வீட்டைத் தேடித்தான் ஒவ்வொரு கதவாய்த் தள்ளியதோ என்னவோ, யார் கண்டார்கள். அதெப்படி ஒருத்தி உறக்கம் தெருவில் நடக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கடலே எழுந்து வீட்டுக்குள் நடந்து வந்ததைப் பார்த்த சனம் அது. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மெல்ல விசாரித்துக்கொண்டார்கள்.

"நானும் கண்டேன்."

"பந்தல் எந்தப் பக்கம் பாத்து?"

"தெக்க."

"நாக்காலி?"

"நீலம்."

"அப்ப அதேதான். கன்னத்தக் காட்டு பாப்போம்."

முதலில் வெறும் வாய்களுக்கு அவல் கிடைத்தாற்போல ஆயிற்று. பார்த்தியா, மேலுக்குப் பணிவிடை, உள்ளுக்கு இந்த ஆசை, என்று சிலர் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே வாய்கள் ஆனி மாதத்துக்குள் வேறு பேச்சுக்கு வந்துவிட்டன, ஏனென்றால் அந்த உறக்கம் அப்படிப்பட்ட உறக்கம். ஒரு வருஷமாய்த் தொடாமல் கிடந்த உறக்கம், பொங்கப் பொங்க இருந்தது. அதில் ஒரு மத்தியானம் விழுந்து எழுந்தவர்களுக்கு உப்பு வெட்டிய தோள் வலி தெரியவில்லை, உள்ளங்கால் எரிச்சல் தெரியவில்லை. மூச்சிரைப்புக்கார அய்யாத்துரை பல வருஷத்துக்குப் பிறகு படுத்து உறங்கிவிட்டு, "சாவு வீட்டுக் கனவுதான், ஆனா என்னா ஒறக்கம்ங்க அது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். அது நம் வீட்டுக்கு வரட்டும் என்று வாசற்படியில் டெட்டால் தெளித்து வைத்தார்கள். கோரைப்பாய் வாங்கி விரித்து வைத்தார்கள். செபஸ்தியம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி அதற்காகவே வேண்டிக்கொண்டாள். நேற்றும் உன் வீடு இன்றைக்கும் உன் வீடா என்று சண்டைகூட வந்தது. பிறத்தியார் உழைப்பில் தின்ற சோறு ருசி என்பார்கள், பிறத்தியார் உறக்கம் அதைவிட ருசி போலிருக்கிறது. இதற்குச் சொந்தக்காரி இப்போது எதைக் கொண்டு கண்ணை மூடுகிறாள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளிடம் அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அவளுக்குத் தெரிய வந்தது நாத்தனாரால். சிவனணைஞ்சானின் அக்கா சண்முகக்கனி விளாத்திகுளத்திலிருந்து கருப்பட்டியும் சீவலுமாக வந்து இறங்கினாள். வந்ததும் விரிப்பை முகர்ந்து பார்த்தாள், தம்பியின் நகத்தைத் தூக்கிப் பார்த்தாள், "நல்லாத்தான் வச்சிருக்க, ஆனாலும் இளைச்சிட்டானே" என்றாள், சோற்றைத் தின்றுவிட்டு முன்னறையில் தலையைச் சாய்த்தாள். உலகம்மா விரிப்பை அலசக் குழாயடிக்குப் போயிருந்தாள். தெருவில் போய்க்கொண்டிருந்த உறக்கம், கதவு திறந்திருக்கவே உள்ளே வந்து, படுத்திருந்தவள் மேல் இறங்கிவிட்டது.

தெருக்காரர்கள் விழித்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரிக்கு அது எப்படித் தெரியும். கண்டதைக் கண்டபடி நம்பி எழுந்தாள், கொண்டையை அவிழ்த்துவிட்டாள், நடுத்தெருவுக்கு ஓடி வந்து மாரில் அடித்துக்கொண்டு, "மூட்டை சுமந்த ராசா, என்னைய முந்திக்கிட்டுப் போனியே" என்று எடுத்தாள் ஒப்பாரி. கூடப்பிறந்தவளே அழும்போது யார் சந்தேகப்படுவார்கள். தெரு எழுந்து வந்து கூட அழுதது. ஒருவன் நாற்காலிக்குப் போனான், ஒருவன் சங்கு ஊதுகிறவருக்குச் சொல்லப் போனான், பெண்கள் வட்டம் கூடிக் குலுங்கிக் குலுங்கி அழுது மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கையில், வீட்டுக்குள்ளிருந்து தெளிவாக ஒரு சத்தம் வந்தது.

"வா."

அழுகை அப்படியே நின்றது. உலகம்மா ஈர விரிப்போடு வாசலில் நின்றாள்.

சண்முகக்கனி உள்ளே போய்த் தம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் திரும்பினாள். "கனாவுல அவன் பெஞ்சில கிடக்கான், நீ உள்ள ஒறங்குத. அதக் கண்டு எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு உலகு. கூடப்பொறந்தவளுக்கு அப்பிடி இருக்குமா? அது என் நெனப்பு இல்ல. அது யாரு நெனப்பு, சொல்லு."

ஊரே நிற்கிறது, கட்டிலில் அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு கிடக்கிறார். உலகம்மா விரிப்பைப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணி சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடுத்தியிருந்த சேலை நடுத்தெருவில் உருவப்பட்ட மாதிரி வெட்கமாக இருந்தது. ஆனால் பொய் சொல்லத் தெம்பில்லை.

"என் நெனப்புதான் மைனி" என்றாள். "ஒரு நாள் இல்ல. தெனமும் நெனைச்சேன்."

என்ன நடந்திருக்குமோ, அய்யாத்துரை குறுக்கே வந்துவிட்டார். "விடுங்கம்மா. காக்கா தலையில அடிச்சா, ஆளு செத்துட்டான்னு பொய்த் தாக்கல் அனுப்பி ஒடம்பொறந்தாள அழ வைக்கதில்லையா? அந்த அழுகையில கண்டம் கழிஞ்சிரும்பாவ. இன்னிக்கு இத்தனை பேரு அழுதிருக்கோம். இனி அவருக்கு ஆயுசு கெட்டி, பாத்துக்கிடுங்க."

சும்மா சமாதானத்துக்குச் சொன்னதுதான். ஆனால் அந்த வாரமே சிவனணைஞ்சானின் முதுகுப் புண் காய்ந்தது, ஊற்றிய கஞ்சி எதுக்களிக்காமல் இறங்கியது. ஆடி தாண்ட மாட்டார் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். ஆடி தாண்டியது, ஆவணி தாண்டியது. அதற்குப் பிறகு தெருவில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. யார் வீட்டுக்கு உறக்கம் வருகிறதோ அவர்கள் எழுந்ததும் வாசலில் குந்தி, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அவருக்காகச் சிறிது நேரம் அழ வேண்டும். உறக்கத்துக்குக் கூலி கொடுத்தாற்போலவும் ஆயிற்று, ஒரு உயிரைப் பிடித்து வைத்தாற்போலவும் ஆயிற்று. மத்தியானம் சாய்ந்தால் ஏதோ ஒரு வீட்டு வாசலிலிருந்து விசும்பல் கேட்கும், கட்டிலில் அவர் கண்ணைத் திறப்பார். அழுகிற சத்தத்திலேயே ஒரு ஆள் உயிர் வாழ்ந்தார்.

அதுவரை யாரும் சொல்லாததை ஜெயக்கொடி ஒரு நாள் வந்து சொன்னாள். "எக்கா, இன்னிக்கு எங்க வீட்ல வந்து படு. அது அங்கனதான் வந்து கிடக்கு. அத்தான்கிட்ட நான் இருக்கேன்."

"வேண்டாம்ட்டி."

"ஏன்? கண்ணாடியில ஒன் மூஞ்சியப் பாத்தியா நீ?"

"அது என்கிட்ட வந்துட்டா நீங்க யாரும் அந்தக் கனாவக் காண மாட்டிய. காணாட்டி அழ மாட்டிய. நீங்க அழாட்டி இவிய போயிருவாவ."

"அது டீக்கட அண்ணாச்சி சும்மா சொன்ன கதக்கா."

"கதையோ நெசமோ. சாகட்டும்னு நெனைச்சவ நான். நான்தான் காவல் இருக்கணும்."

அன்றிலிருந்து அவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். ஆனால் அந்த உறக்கம் இதற்குள் தன் வீடு எதுவென்று கண்டுகொண்டிருந்தது. மத்தியானமானால் எந்த வீட்டுக்குப் போவதற்கும் முன்னால் அவள் வாசலுக்குத்தான் வந்தது. கதவுக்கு வெளியே அது உட்காருவது அவளுக்குத் தெரியும், அதன் மூச்சு கேட்கும், அது அவளுடைய மூச்சாகவே இருக்கும், அயர்ந்து உறங்குகிற ஒரு பொம்பளையின் நீளமான மூச்சு. அவள் விளக்குமாற்றால் கதவில் அடித்து, "போ, போ" என்பாள். அது நகர்ந்து போகும். சிறிது நேரத்தில் யார் வீட்டிலிருந்தோ விசும்பல் எழும். அவர் கண்ணைத் திறப்பார். அவள் அவரைத் திருப்பிப் போடுவாள். ஐப்பசி மழை வந்தது. சுவர் நனைந்து ஊறியபோது ஈரத்தில் முகங்கள் தெரிந்தன, அவள் அவற்றோடு பேசினாள். துவைத்த விரிப்பையே மறுபடி துவைத்தாள். சோறு பொங்கி இறக்கி வைத்துவிட்டு, பசிக்கிறதே, ஏன் இன்னும் சோறு பொங்கவில்லை என்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். செத்தவர்கள் உறங்காமல் அலைவார்கள் என்பார்கள். அந்த வீட்டில் உயிரோடு ஒருத்தி அப்படி அலைந்தாள்.

பிறகு அந்த நாள். மத்தியானம் அவருக்குக் குழாயில் மோர் ஊற்றுகிற நேரம். டெட்டாலில் தண்ணி ஊற்றினால் அதுவும் மோர் மாதிரியே வெள்ளையாய்த்தான் இருக்கும். ரெண்டு டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வாசனை பிடித்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அந்த மூக்குக்கு டெட்டாலைத் தவிர வேறு வாசனையே மறந்து எத்தனையோ மாதம். அவள் வெள்ளையாய் இருந்ததை சிரிஞ்சில் உறிஞ்சினாள், குழாயில் பொருத்தினாள், அழுத்துவதற்குப் பெருவிரலை வைத்தாள். சிவனணைஞ்சானின் இடது கை எழுந்து வந்து குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்கிய கை, இன்னும் பிடி இருந்தது.

"விடுங்க, மோருதான்" என்றாள் அவள்.

அவர் விடவில்லை. அவள் அப்போதுதான் டம்ளரைப் பார்த்தாள், அடியில் புண் துடைக்கிற பஞ்சு கிடந்தது. சிரிஞ்சு கீழே விழுந்தது. அவள் தன் ரெண்டு கையையும் வேறு யாருடையதோ போலப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். காற்று மெத்தையில் படுத்திருக்கிற, பாயையே தொடாத அந்த மனுஷனின் கன்னத்தில் கோரைப்பாயின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. புதுத் தடமும் இருந்தது, மங்கிப்போன பழைய தடமும் இருந்தது. ஆக அவள் விரிப்பு அலசக் குழாயடிக்குப் போன நேரமெல்லாம் அது முதல் நாளிலிருந்தே அவரிடமும் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் எல்லாவற்றையும் கண்டிருக்கிறார், பந்தலை, நாற்காலியை, கட்டப்பட்ட தன் கால் விரலை, உள்ளே உறங்குகிறவளை, அந்த அப்பாடாவை.

"வா" என்றார் அவர். அவளைப் பார்த்து அல்ல, கதவைப் பார்த்து.

"தண்ணியா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "வா."

கதவுக்கு வெளியே அந்த நீள மூச்சு நின்று காது கொடுத்தது.

"அதையா கூப்பிடுதிய? அது உள்ள வந்தா என்ன நடக்கும்னு தெரியுமா?"

தெரியும் என்று ஆட்டினார்.

உலகம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒங்க மேல வெறுப்புல நெனைக்கலங்க. ஒறங்கணும்னுதான் நெனைச்சேன். அதுக்கு வேற வழியே தெரியாம, அந்த நெனப்பு போய் ஒங்க சாவுல நின்னுட்டு. அதக் கண்டுட்டும் நீங்க எத்தனை நாளாச் சும்மா கிடந்திய. என்னைய ஒரு தடவ மொறைச்சாவது பாத்திருக்கக் கூடாதா?" சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "நான் தொறக்க மாட்டேன். இன்னொரு தடவ இப்பிடி நடக்காமப் பாத்துக்கிடுதேன். தொறக்க மாட்டேன்."

அவர் வாய் கோணியபடி, எச்சில் ஒழுக, மறுபடி அதே சொல்லைச் சொன்னார். கட்டிலுக்குக் கீழே விரித்திருந்த பாயை இடது கையால் எட்டித் தட்டினார், வெளியூர் போய் வந்தவளுக்கு இடம் தட்டிப் போடுவது போலத் தட்டினார். ஆயுசில் அவளிடம் அவர் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

அவள் எழுந்து போய்த் தாழைத் திறந்தாள்.

அது உள்ளே வந்தது, இளைத்திருந்தது, ஊரெல்லாம் உடுத்திக் கசக்கிய துணி மாதிரி இருந்தது. பாயின் நுனியில் பழையபடி உட்கார்ந்தது. இந்தத் தடவை அவள் போயிட்டுப் பொறவு வா என்று சொல்லவில்லை. படுத்தாள். கட்டிலிலிருந்து ஒரு கை இறங்கி வந்து அவள் தலைமயிருக்குள் நுழைந்து நின்றது. அதன் கனம் அவளுக்குக் கடைசியாகத் தெரிந்தது.

அன்று காலனியில் ஒருத்தருக்கும் உறக்கம் வரவில்லை. பாயில் புரண்டு புரண்டு படுத்தார்கள். டெட்டால் தெளித்த வாசற்படியெல்லாம் சும்மா கிடந்தன. எந்த வீட்டிலும் யாரும் கனவு காணவில்லை, எந்த வாசலிலும் யாரும் அழவில்லை. அந்த அமைதி தாங்காமல் ஜெயக்கொடிதான் எழுந்து போய்ப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. கீழே உலகம்மா காலை நீட்டி, வாயைத் திறந்து உறங்கினாள். மேலே சிவனணைஞ்சான் கண்ணை மூடியிருந்தார், நெஞ்சு ஏறி இறங்கவில்லை, கைமட்டும் தொங்கி அவள் தலையில் இருந்தது. ஜெயக்கொடிக்கு ஓவென்று வந்துவிட்டது. வந்ததை முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து அடக்கினாள்.

செய்தி தெருவில் கையாலும் கண்ணாலும் போனது. நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி வந்து வைத்தார்கள். ஐஸ் பெட்டி வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்தினார்கள், அதில் மோட்டார் இரையும் என்று. சங்கு ஊதுகிறவர் உப்பு குடோன் பக்கம் சங்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். செத்த உடம்பை விறைக்குமுன் கையைக் காலை நேராக்கிக் கட்டிவிட வேண்டும், அதுதான் முறை. ஆனால் கையை எடுத்தால் அவள் விழித்துக்கொள்வாளே என்று அய்யாத்துரை வேண்டாமென்று தலையாட்டினார், யாரும் மறுக்கவில்லை. பொழுது சாயும்போது சண்முகக்கனி வந்தாள். தெரு முனையிலேயே கொண்டையை அவிழ்த்து மாரில் அடிக்கக் கையை ஓங்கினாள். ஜெயக்கொடி அந்த ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, நாமதான் முந்தியே அழுது முடிச்சாச்சே. அவ ஒறங்கட்டும்."

சண்முகக்கனி ஓங்கிய கையை இறக்க வெகுநேரமாயிற்று. உள்ளே வந்து தம்பியைப் பார்த்தாள், அவன் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். அந்நேரம் கரண்டு போய் ஃபேன் நின்றது, பாயில் கிடந்தவள் லேசாக முகத்தைச் சுளித்தாள். சண்முகக்கனி கீழே உட்கார்ந்து, தன் முந்தானையால் அவளுக்கு விசிறத் தொடங்கினாள். அவள் கை ஓய்ந்தபோது ஜெயக்கொடி விசிறினாள், பிறகு செபஸ்தியம்மா. அந்த உறக்கத்தில் உறங்கிய ஒவ்வொரு வீட்டுப் பொம்பளையும் முறை வைத்து உட்கார்ந்து விசிறினாள். உயிரோடு இருந்தவருக்கு அத்தனை சத்தமாய் அழுத தெரு, செத்தவர் பக்கத்தில் விடிய விடிய மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது.

வெயில் பாய்க்கு வந்த பிறகுதான் உலகம்மா அசைந்தாள். கண்ணைத் திறக்குமுன்னே பழக்கத்தில் அவள் கை கட்டிலுக்கு மேலே போயிற்று. "நேரமாச்சே, திரும்பிப் படுங்க" என்று முனகிக்கொண்டு எழுந்தவள், தலையிலிருந்த அவர் கையை எடுத்துக் கட்டிலில் வைக்கப் பார்த்தாள். அது படியவில்லை. மடங்கியபடியே நின்றது, ஒரு தலையைத் தாங்குகிற அளவுக்கு மடங்கியபடி. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். திரும்பிச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். யார் கன்னத்திலும் தடம் இல்லை. அவள் கன்னத்தில் மட்டும் கோரைப்பாய் ஆழமாய்ப் பதிந்திருந்தது.

"கனாவுல எந்திரிச்சு நடந்தாவ" என்றாள் மெதுவாக. "நல்லாப் பேசுனாவ. நீ ஒறங்கு, கதவ நான் சாத்திக்கிடுதேன்னு சொன்னாவ."

அவள் அந்தக் கையை மறுபடி தடவினாள்.

"ஏன் என்னைய எழுப்பல?"

"நீ ஒறங்கிட்டிருந்தியேக்கா" என்றாள் ஜெயக்கொடி.

உலகம்மா எழுந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, எப்போதும் புரட்டுவது போலவே புண் அழுந்தாமல் அவரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். முதுகைத் துடைத்தாள், பவுடர் போட்டாள். இனி அடுத்த வேலை என்னவென்று தேடினாள். ஒரு வேலையும் இல்லை. அப்போதுதான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு குரலெடுத்தாள். அதற்குப் பிறகுதான் தெரு வாயைத் திறந்து அழுதது.